மியாட்டாவின் 1.6 ஓய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறைக்கு அமெரிக்காவில் மியாட்டா என்று பேர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1989-இல் வந்த அந்தக் குட்டிக் காரில் இருந்தது 1597 சிசி, 116 குதிரைத்திறன் எஞ்சின். அமெரிக்க வண்டிகளுக்கு 1993 வரை அதுதான். இன்று அதில் எது கைக்கு வந்தாலும் வயது முப்பதைத் தாண்டியிருக்கும். புகை கக்கும், எண்ணெய் குடிக்கும், மேடேறும்போது மூச்சு வாங்கும். வீட்டு கராஜிலேயே எஞ்சினை மாற்றிவிடலாமே என்று தோன்றும். தேடத் தொடங்கினால் நாலு வழி கண்ணில் படும்: அதே குடும்பத்து 1.8, ஹோண்டாவின் கே24, ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8, அல்லது இருக்கிற எஞ்சினிலேயே டர்போ.

இவற்றைக் குதிரைத்திறன் வரிசையில் அடுக்கினால் விடை தப்பாகத்தான் வரும். இந்த வேலையில் எஞ்சின் விலை சின்னத் தொகை. பணமும் சனி ஞாயிறுகளும் கரைவது எஞ்சினைச் சுற்றியும் அதற்குப் பின்னாலும்தான்: கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி), ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி), வயரிங், சைலன்சர் குழாய். புது எஞ்சின் உட்கார்ந்த பிறகும் பழையதில் எவ்வளவு அப்படியே மிஞ்சும் என்று பாருங்கள். அதுதான் அளவுகோல்.

முதலில், பழையது உண்மையிலேயே போய்விட்டதா?

எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் காற்றழுத்தம், பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 28 பிஎஸ்ஐ-க்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு பக்கம் பாருங்கள். வால்வு என்றால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை மட்டும் இறக்கிச் சரிசெய்தால் போதும், எஞ்சின் மாற்றவே வேண்டாம்.

இன்னொன்று, 1991-இன் நடுப்பகுதி வரை வந்த 1.6-களுக்கே உள்ள நோய். அவற்றில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டை. அங்குள்ள போல்ட் கொஞ்சம் தளர்ந்தால் போதும், பல்சக்கரத்தை நழுவாமல் பிடிக்கும் ‘சாவி’ என்ற சிறு உலோகத் துண்டு உட்காரும் பள்ளம் அகன்றுபோய் டைமிங் (வால்வும் ஸ்பார்க்கும் இயங்கும் நேரம்) பின்வாங்கும், இழுவை போய்விடும். கண்டுபிடிப்பது சுலபம்: முன் புல்லியின் நடுவில் நாலு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. சேதம் சிறிதாக இருந்தால் லாக்டைட் 660 வைத்து ஒட்டிப் பல வருடம் ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் நாலு வெட்டு எஞ்சினில் டர்போ பற்றிப் பேச்சே வேண்டாம்.

அப்படியே வண்டிக்கடியில் படுத்து, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டியைப் பின்சக்கரத்துக்கு முன்னால் தட்டிப் பாருங்கள். அங்கே துரு தின்றிருந்தால் எஞ்சின் காசு வெல்டருக்குப் போக வேண்டியது.

அதே குடும்பத்து 1.8

மாஸ்டா 1994 மாடலிலிருந்து போட்ட பிபி எஞ்சின் 1839 சிசி. 128 குதிரைத்திறனில் தொடங்கி 1996-97-இல் 133, இரண்டாம் தலைமுறையில் 1999-இல் 140, 2001 முதல் விவிடியோடு (வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு) 142. காகிதத்தில் பெரிய தாவல் இல்லைதான். ஆனால் சுழற்றுவிசை கீழேயிருந்தே கூடுவதால் ஊருக்குள் ஓட்டும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

இதன் பெரிய பலம், அளவுகோலில் பெரும்பாலானவை மிஞ்சுவது. 1.6-இன் கியர்பாக்ஸ் அதே போல்ட் துளைகளில் சேரும். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினிய முதுகெலும்பான பவர் பிளான்ட் ஃபிரேம், கிளட்ச் ஹைட்ராலிக், ரேடியேட்டர், எஞ்சின் உட்காரும் இடம் எதையும் தொட வேண்டாம். வாங்கும்போது இன்டேக் மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதன் கீழ்க்குழாய், ஃப்ளைவீல் நாலையும் எஞ்சினோடு சேர்த்தே வாங்குங்கள். 1.6-இன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 1.8 ஹெட்டில் பொருந்தாது. கிளட்ச் தட்டு 1.6-இல் 200 மிமீ, 1.8-இல் 215 மிமீ. 1.8 ஃப்ளைவீலுக்கு 1.8 கிளட்ச் செட்தான். கலந்து வாங்கிவிட்டு கியர்பாக்ஸை இரண்டாம் முறை இறக்குவது இந்த வேலையில் சகஜமாக நடக்கும் கூத்து.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஃபோர்டு எஸ்கார்ட் ஜிடி, மாஸ்டா புரோட்டிஜே போன்ற முன்சக்கர இழுவைக் கார்களிலும் இதே பிபி எஞ்சின் வந்தது. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும். பிளாக் ஒன்றுதான் என்றாலும் சம்ப் வேறு, தண்ணீர் வெளியேறும் வாய் வேறு. உங்கள் பழைய எஞ்சினிலிருந்து எதெல்லாம் மாற்ற முடியும் என்று துளை துளையாக ஒப்பிடாமல் வாங்காதீர்கள்.

அந்தத் தண்ணீர் வாயில் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த எஞ்சின் குடும்பம் முன்சக்கரக் காரில் குறுக்கே படுப்பதற்காகப் பிறந்தது. அங்கே தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். மியாட்டாவுக்காக நெடுக்கே திருப்பியபோது தெர்மோஸ்டாட்டை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது. பின்னால் இருக்கும் நாலாம் சிலிண்டருக்குக் கிடைப்பது சொற்பம். சாதாரண ஓட்டத்துக்கு இது போதும். ட்ராக்கில் ஓட்டவோ டர்போ வைக்கவோ எண்ணம் இருந்தால், எஞ்சின் வெளியே தொங்கும்போதே தெர்மோஸ்டாட்டைப் பின்முனைக்கு மாற்றும் செட்டைப் போட்டுவிடுங்கள். உள்ளே இறக்கிய பிறகு ஃபயர்வாலுக்கும் ஹெட்டுக்கும் இடையே கை நுழையாது.

மூளையை, அதாவது எஞ்சினை இயக்கும் கணினியான இசியுவை, என்ன செய்வது? மூன்று தெரிவு. பழைய 1.6 இசியுவையே வைக்கலாம், அப்படியானால் 1.6-இன் காற்றளவி, ஸ்விட்ச் வகை த்ராட்டில் சென்சார், ஹெட்டின் பின்னால் உட்கார்ந்து கேமின் (வால்வுகளைத் திறக்கும் தண்டின்) நிலையைச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் மூன்றையும் புது எஞ்சினுக்கு மாற்ற வேண்டும். வண்டி ஓடும். ஆனால் அந்தக் காற்றளவி மடல் திறக்கும் வகை, 1.8 உறிஞ்சும் காற்றுக்கு மடல் சீக்கிரமே முழுக்கத் திறந்துவிடும், அதற்கு மேல் இசியுவுக்குக் கண் தெரியாது. இரண்டாவது, எஞ்சின் எடுத்த வண்டியின் வயரிங்கையும் இசியுவையும் முழுசாகப் பெயர்த்துப் போடுவது. சுத்தமான வழி, ஆனால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும். மூன்றாவது, மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற தனி இசியு. மடலைத் தூக்கிப் போட்டுவிட்டு மேனிஃபோல்டு அழுத்த சென்சார், காற்று வெப்ப சென்சார், வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வைப்பது. கணினியில் ட்யூன் செய்யப் பொறுமை இருப்பவர்களுக்கு இதுதான் எங்கள் பரிந்துரை.

1999-க்குப் பிந்தைய எஞ்சின் என்றால் மூன்றாவது வழிதான் வசதி. அதில் பின்னால் கேம் ஆங்கிள் சென்சார் கிடையாது. முன் புல்லி அருகே கிராங்க் சென்சார், மேலே கேம் சென்சார். பழைய இசியுவுக்கு அந்த மொழி புரியாது. விவிடி எஞ்சினுக்கு ஆயில் வால்வை இயக்க ஒரு வெளியீடும் வேண்டும். அதை இணைக்காமல் விட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் கேம் ஒரே நிலையில் நின்று, எதற்காக விவிடி வாங்கினீர்களோ அந்தக் கீழ்ப்பக்க இழுவை கிடைக்காது.

முதல் தலைமுறை 1.8-இல் டைமிங் பெல்ட் மாட்டும்போது கேம் புல்லிகளின் ‘ஐ’, ‘இ’ குறிகளுக்கு நடுவே பெல்ட்டில் 19 பல் இருக்க வேண்டும். டென்ஷனரை விட்ட பிறகு கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி மறுபடி எண்ணுங்கள். ஓடத் தொடங்கியதும், மாஸ்டா இசியு வைத்திருந்தால், போனட்டுக்கடியில் உள்ள டயக்னாசிஸ் பெட்டியில் ‘டிஇஎன்’, ‘ஜிஎன்டி’ இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து டைமிங் லைட் பிடியுங்கள். 10 டிகிரி காட்ட வேண்டும். வயரை இணைக்காமல் பார்த்தால் இசியு தன் இஷ்டத்துக்கு டைமிங்கை நகர்த்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து சென்சாரைத் திருகினால் எல்லாம் கெடும்.

ஹோண்டா கே24

பழைய ஹோண்டா எஞ்சின்கள் பல எதிர்த்திசையில் சுழல்பவை. பின்சக்கரக் கியர்பாக்ஸோடு சேராது. கே குடும்பம் வழக்கமான திசையில் சுழல்கிறது. அதனால்தான் மியாட்டா கூட்டத்தில் இது இவ்வளவு பரவியது. 2354 சிசி, அலுமினிய பிளாக், அக்யூரா டிஎஸ்எக்ஸ் காரில் வந்த கே24ஏ2 வடிவத்தில் சுமார் 200 குதிரைத்திறன், 225 நியூட்டன் மீட்டர். 1.6-இன் இழுவை ஏறத்தாழ 136 நியூட்டன் மீட்டர்தான். மாஸ்டா பிளாக் வார்ப்பிரும்பு என்பதால் முன்பக்க எடை பெரிதாக ஏறுவதில்லை. மியாட்டாவின் குணம் கெடாமல் பலம் மட்டும் கூடுகிறது என்பதுதான் இதன் கவர்ச்சி.

ஆனால் என்ன மிஞ்சும்? அடாப்டர் தட்டு வைத்து மாஸ்டா கியர்பாக்ஸையே பயன்படுத்தலாம். ஆகவே முதுகெலும்பும் தப்பிக்கும். மற்றதெல்லாம் புதுசு. சப்ஃபிரேம் அல்லது மவுன்ட், வேறு வடிவ ஆயில் சம்ப் (ஹோண்டாவினுடையது இடிக்கும்), ஃப்ளைவீல், கிளட்ச், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, வயரிங், ஹான்டேட்டா போன்ற இசியு, தண்ணீர்க் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள். எஞ்சின் ஆயிரம் டாலருக்குள் கிடைத்தாலும் முழு வேலைக்கும் பத்தாயிரம் டாலரைத் தொடுவது சாதாரணம். ஏசி, பவர் ஸ்டீயரிங் வேண்டுமா என்பதை இந்த மாற்றத்துக்கென்றே விற்கும் சாமான் தொகுப்பை, அதாவது கிட்டை, வாங்குமுன் முடிவு செய்யுங்கள். பிறகு சேர்ப்பது இரட்டைச் செலவு. வலது கை ஸ்டீயரிங் வண்டியானால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டீயரிங் தண்டில் இடிக்குமா என்று விற்பவரிடம் கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள். இந்தக் கிட்டுகள் பெரும்பாலும் இடது கை வண்டியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை.

கே24 என்ற பேரை மட்டும் பார்த்து வாங்குவது பொதுவான தவறு. டிஎஸ்எக்ஸின் ஏ2-வில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு கேமிலும் விடெக் (வேகத்துக்கேற்ப வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) உண்டு. 2003-05 அக்கார்டின் ஏ4 சுமார் 160 குதிரைத்திறன். அதன் விடெக் பெட்ரோல் மிச்சப்படுத்தவே, வேகத்துக்கு அல்ல. ஏ2 வாங்கும்போது வால்வு கவரைக் கழற்றச் சொல்லி எக்ஸாஸ்ட் கேமின் மூக்குகளில் விரலை ஓட்டுங்கள். சொரசொரவென்று குழி விழுந்திருந்தால், எண்ணெய் கவனிக்காமல் ஓட்டிய எஞ்சின். அதோடு தொழிற்சாலை ஆயில் பம்ப் பேலன்ஸ் ஷாஃப்டோடு சேர்ந்தது, உச்ச சுழற்சிக்கு ஆனதல்ல. 7000-க்கு மேல் அடிக்கடி போகப்போகிறீர்கள் என்றால் கே20ஏ2-வின் பம்பைப் போடுவதுதான் வழக்கம்.

வி8 பற்றிச் சுருக்கமாக

எல்எஸ்1 எஞ்சின் 5.7 லிட்டர், அலுமினியம், கார்வெட்டில் 345 குதிரைத்திறன். மியாட்டாவில் நுழையும், நிறையப் பேர் நுழைத்திருக்கிறார்கள், அதற்கென்றே தயார் சப்ஃபிரேம்களும் விற்கின்றன. அளவுகோலில் பார்த்தால் மிஞ்சுவது உடலும் இருக்கைகளும்தான். கியர்பாக்ஸ் டி56 ஆகும். அதற்காக நடு டனலைத் தட்டியோ வெட்டியோ அகலப்படுத்த வேண்டும். முதுகெலும்பு போய்விடுவதால் டிஃபரன்ஷியலுக்குத் தனித் தாங்கி, வேறு டிஃபரன்ஷியல், வேறு அரைத்தண்டுகள், பெரிய ரேடியேட்டர், பெரிய பிரேக். எடை சுமார் 90 கிலோ ஏறும். மலிவு என்று லாரிகளின் 5.3 லிட்டர் இரும்பு பிளாக்கை எடுத்தால் இன்னும் கூடுதலாக மூக்கில் ஏறும், திருப்பத்தில் அது தெரியும். வெல்டிங் தெரியாதவர் வீட்டில் தொடங்கினால் வண்டி வருடக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்கும். பாதியில் நின்று விற்பனைக்கு வரும் வண்டிகளில் இந்த வகை ஏராளம். வேண்டுமானால் முடித்த ஒன்றை வாங்குவதே லாபம்.

டர்போ விஷயம்: கம்ப்ரஷன் நன்றாக இருக்கும் எட்டு வெட்டு 1.6-க்கு, குறைந்த பூஸ்டில் (டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தில்), தனி இசியுவோடு, கே24-ஐவிடச் செலவு குறைவு. பிரச்சினை எஞ்சின் ஆரோக்கியம்தான். ஓய்ந்த எஞ்சினுக்கு டர்போ மருந்தாகாது. பூஸ்டைக் கீழ்ச்சுழற்சியிலேயே அதிகம் ஏற்றினால் கனெக்டிங் ராடு வளையும். அதை வளைப்பது குதிரைத்திறனைவிடச் சுழற்றுவிசைதான்.

மூன்றாம் தலைமுறை வைத்திருப்பவருக்கு

2005-15 தலைமுறையில் இருப்பது 2.0 லிட்டர் எம்இசட்ஆர். அதற்குக் கேள்வியே எளிது. அதே குடும்பத்து 2.5, அதாவது 2488 சிசி எஞ்சின், மாஸ்டா6-இலும் 2010 முதல் ஃபோர்டு ஃப்யூஷனிலும் வந்தது; வெட்டி ஒட்டும் வேலை இல்லாமல் அதே இடத்தில் உட்காரும். உங்கள் 2.0-வின் சம்ப், முன் கவர், இன்டேக், மவுன்ட்டுகளை 2.5 பிளாக்கில் மாட்டி, பேலன்ஸ் ஷாஃப்டை எடுத்து அதன் ஆயில் துளையை அடைத்து, இருக்கிற இசியுவின் நிரலையே மாற்றி எழுதுவது (ரீஃப்ளாஷ்). இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் காசுக்கு ஏற்ற பலன் இதில்தான் அதிகம்.

ஒரே ஒரு கண்ணி. இந்த எஞ்சினில் கிராங்க் புல்லிக்கோ டைமிங் பல்சக்கரத்துக்கோ சாவி கிடையாது. நடுப் போல்ட்டின் இறுக்கம் தரும் உராய்வில்தான் எல்லாம் நிற்கிறது. பழைய பழக்கத்தில் அந்தப் போல்ட்டைச் சும்மா தளர்த்தினாலே டைமிங் போச்சு. மறுபடி இறுக்கி ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் வால்வை முத்தமிடும். முறை இது: பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள பிளக்கைக் கழற்றி உச்சநிலைப் பின்னைச் செருகி, கிராங்கை அது இடிக்கும்வரை மெதுவாகத் திருப்புங்கள். கேம்களின் பின்முனை வெட்டுகளில் தட்டைப் பட்டையை வையுங்கள். முன் கவர் மாட்டிய பின், புல்லித் துளை வழியாக ஒரு எம்6 போல்ட்டை முன் கவரில் திருகிப் புல்லியை இடத்தில் நிறுத்துங்கள். புதுப் போல்ட் போட்டு, புல்லியைத் தனிப் பிடிகருவியால் பிடித்துக்கொண்டு 100 நியூட்டன் மீட்டர், அதன்மேல் 90 டிகிரி. பின்னையும் பட்டையையும் நம்பி இறுக்கினால் அவை வளையும், கேம் உடையும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு சுற்று கையால் சுற்றி, மூன்றும் மறுபடி தடையின்றி நுழைகின்றனவா என்று பாருங்கள். நுழையாவிட்டால் முதலிலிருந்து.

தூக்குவதும் இறக்குவதும்

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தூக்குங்கள். பிரித்தால் மேல் போல்ட்டுகளுக்காக அரை நாள் போகும். மடக்கும் எஞ்சின் கிரேனில் ‘2 டன்’ என்று எழுதியிருந்தாலும் கையை முழு நீளத்துக்கு இழுத்தால் அரை டன்தான் அதன் கணக்கு. சாய்வைச் சரிசெய்யும் லெவலர் இல்லாமல் முயலாதீர்கள், கியர்பாக்ஸ் வால் டனலுக்குள் சொருகிக்கொள்ளும். முதுகெலும்பைக் கழற்றுமுன் கியர்பாக்ஸுக்கடியில் ஜாக்கி நிற்கட்டும்.

வெளியே இருக்கும்போது மாற்ற வேண்டியவை: பின் கிராங்க் சீல், பைலட் பேரிங், கிளட்ச் ரிலீஸ் பேரிங், ஹீட்டர் ஹோஸ்கள், கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங், கியர் லீவரின் அடி ரப்பர். 5-கியர் பெட்டிக்கு 2 லிட்டர் எண்ணெய்.

ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கையால் இழுத்துப் பாருங்கள். அதை மறந்துவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்சாரம் முழுவதும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாயும். கேபிள் உறை புகைந்து உருகி, ஆக்சிலேட்டர் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளக்கூடும். முதல் ஓட்டத்தில் அது நடந்தால் சிரிப்பாக இருக்காது. பிறகு பிளக்குகளைக் கழற்றிய நிலையில் ஆயில் அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கட்டும், ஹீட்டர் திறந்திருக்கட்டும். இல்லையென்றால் ஏர் லாக் ஆகி, மானி குளிர்ச்சி காட்டும்போதே ஹெட் வேகும்.

சட்டமும் தெரிவை மாற்றும். கலிஃபோர்னியாவில் வைக்கும் எஞ்சின் வண்டியின் மாடல் வருடத்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் முழுசாக இருக்க வேண்டும். புகைச் சோதனைக்கான அரசு அங்கீகரித்த ஸ்மாக் ரெஃபரியிடம் காட்டி ஒட்டுச்சீட்டு வாங்க வேண்டும். வெளிச்சந்தை இசியுவோடு ஓடும் கே24 அங்கே தேறுவது கடினம். 1994-97 எஞ்சினை அதன் எல்லாச் சாமானோடும் வைத்த 1.6 தேறும். பிரிட்டனில் எஞ்சின் எண், சிசி மாறினால் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றைத் திருத்த வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் முடிவெடுக்க முடியவில்லையா? எஞ்சினை விடுங்கள், முதலில் 1.8 வண்டியின் டிஃபரன்ஷியலை வாங்குங்கள். 1.6-இன் டிஃபரன்ஷியலுக்குள் சுழலும் பெரிய பல்சக்கரமான கிரவுன் சக்கரம் 6 அங்குலம், 1.8-இனுடையது 7. பழைய 1.8-க்கே சின்னது திணறும், கே24-க்கு நிச்சயம் உடையும். அரைத்தண்டுகள் இரண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டும் கூடவே வர வேண்டும்; தனியாக வாங்கினால் ஃபிளாஞ்ச் சேராது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டார்சன் வகை டிஃபரன்ஷியல் கிடைத்தால் விடாதீர்கள். பல் விகிதம் 1994-97-இல் 4.10, உங்களுடையது 4.30, ஓய்ந்த 1.6-ஓடு ஓட்டினால் கொஞ்சம் மந்தமாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரு சனி ஞாயிறில் முடியும் வேலை. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், எந்த எஞ்சினுக்குப் போனாலும், வி8 தவிர, அது அப்படியே உதவும்.